குப்பியும் ரசீதுப் புத்தகமும்

கோவைக்குத் தெற்கே ஒரு சிறு ஊரில் நாங்கள் சிலர் சேர்ந்து திரைப்படச் சங்கம் ஒன்றை நடத்திவந்தோம். நான் அதன் பொருளாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, லாட்ஜ் ஒன்றின் மாடிக் கூடத்தில் ஜான் ஆபிரகாமின் ‘அம்ம அறியான்’ படத்தைத் திரையிட்டோம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். எங்கள் சங்கத்துக்கு அது மாநாட்டுக் கூட்டம். படம் முடிந்து கீழே டீக்கடையில் நின்றோம். ஒன்றரை மணி நேரம் பேச்சு ஓடியது. ஜான் எங்கெல்லாம் விழுந்து கிடந்தார், யாரிடம் கடன் வாங்கித் திருப்பித் தரவில்லை, எந்த மேடையில் யாரைத் திட்டினார், எத்தனை நாள் ஒரே சட்டையில் திரிந்தார். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்தார். சொன்னவர்களில் ஒருவரும் ஜானை நேரில் பார்த்தவரில்லை. பார்த்துவிட்டு வந்த படத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

ஒன்பதரைக்கு நான் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தேன். மாதச் சந்தா 50 ரூபாய். “அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க” என்று முதலில் வண்டியைக் கிளப்பியவர், மூன்று ஜான் கதைகளைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தவர். அன்றைய வசூல் 350 ரூபாய். கூடத்தின் வாடகை 600. மீதி என் பையிலிருந்து போனது. வீட்டுக்கு நடந்து போகும்போது ஒன்று உறைத்தது. நாங்கள் ஒன்றரை மணி நேரம் பேசிய ஆள் வேறு, சற்றுமுன் திரையில் பார்த்த படத்தை எடுத்த ஆள் வேறு. படத்தை எடுத்தவர் ஊர் ஊராகப் போய் ரசீது கிழித்தவர். அந்த வேலையைச் செய்து பார்த்தவனுக்குத் தெரியும், அது குடிகாரனால் மட்டுமல்ல, நிதானமாக இருப்பவனாலும் எளிதில் முடியாத காரியம்.

பெயரைச் சொன்னால் இந்தி நடிகரின் புஜம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பேசும் ஜான் ஆபிரகாம் 1937இல் கேரளத்தின் குட்டநாட்டில் பிறந்தவர். எல்.ஐ.சி.யில் வேலை பார்த்தவர். அதை உதறிவிட்டு 1965இல் புனே திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தவர். ரித்விக் கட்டக்கின் மாணவர். மணி கௌலின் ‘உஸ்கி ரோட்டி’யில் உதவியாளர். நான்கு கதைப் படங்கள் எடுத்தார்: ‘வித்யார்த்திகளே இதிலே இதிலே’ (1972), தமிழில் ‘அக்கிரகாரத்தில் கழுதை’ (1977), ‘செறியாச்சன்டெ குரூர கிருத்யங்கள்’ (1979), ‘அம்ம அறியான்’ (1986). 1987 மே 31 அன்று கோழிக்கோட்டில் ஒரு கட்டடத்தின் மேலிருந்து விழுந்து இறந்தார். வயது 49.

இவரைப் பற்றி இரண்டு மாநிலத்து இலக்கிய வட்டங்களிலும் நிலவும் கருத்து ஒன்றுதான். அதைத் தலையில் அடித்தும் சொல்வார்கள், தலையில் தூக்கி வைத்தும் சொல்வார்கள். அடிக்கிறவர் சொல்வது: “மேதைதான், ஆனால் ஒழுங்கில்லாத ஆள். குடிக்காமல் இருந்திருந்தால் இருபது படம் எடுத்திருப்பார்.” தூக்குகிறவர் சொல்வது: “ஒழுங்கே இல்லாத சுதந்திரப் பறவை, அதனால்தான் மேதை.” இரண்டு கட்சிக்கும் அடிப்படை ஒன்றே: ஜான் ஒழுங்கற்றவர். அந்த அடிப்படையே தவறு என்பது என் வாதம். ஜான் தன் உடம்பைச் சீரழித்துக்கொண்டார். அதில் எனக்கு மறுப்பில்லை. தன் தொழிலில் அவர் சீரழிந்தவரில்லை. மலையாள சினிமாவில் அவருக்கு முன் யாரும் கட்டாத ஓர் அமைப்பைக் கட்டியவர் அவர். குப்பிகளை எண்ணியவர்கள் ரசீதுகளை எண்ணவில்லை.

முதலில் எண்ணிக்கையையே எடுத்துக்கொள்வோம். பதினைந்து வருடத்தில் நான்கே படம், இது சோம்பேறித்தனம் இல்லாமல் வேறென்ன என்கிறார்கள். சரி, அதே பதினைந்து வருடத்தில் அடூர் கோபாலகிருஷ்ணன் எத்தனை கதைப் படங்கள் எடுத்தார்? 1972இல் ‘சுயம்வரம்’, 1977இல் ‘கொடியேற்றம்’, 1981இல் ‘எலிப்பத்தாயம்’, 1984இல் ‘முகாமுகம்’, 1987இல் ‘அனந்தரம்’. ஐந்து. ஜானைவிட ஒன்று அதிகம். முதல் படத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இருவருக்கும் ஐந்தைந்து வருட இடைவெளி. தொடங்கிய வருடமும் ஒன்று, இரண்டாவது படத்தின் வருடமும் ஒன்று. அடூரின் இடைவெளிக்கு நாம் வைத்த பெயர் தவம், நிதானம், கச்சிதம். ஜானின் இடைவெளிக்கு வைத்த பெயர் குடி. அடூரைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை; அவர் நிதானம் உண்மையான நிதானம்தான். கேள்வி அளவுகோலைப் பற்றியது. ஒரே நீளத்தை இரண்டு கோலால் அளந்துவிட்டு, ஒன்று குட்டை என்று தீர்ப்பெழுதக் கூடாது.

அந்த இடைவெளிகளில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். எழுபதுகளில் வணிகத் தயாரிப்பாளரை நாடாமல் கேரளத்தில் படம் எடுக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று அரசுக் கடன்: ‘சுயம்வரம்’ சித்ரலேகா கூட்டுறவுச் சங்கத்தின் தயாரிப்பில், ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் கடனில் வந்தது. இன்னொன்று ரசனையுள்ள செல்வந்தர்: கொல்லத்து முந்திரி ஏற்றுமதியாளர் கே. ரவீந்திரநாதன் நாயர், இயக்குநர் அரவிந்தனின் ‘காஞ்சன சீதா’, ‘தம்பு’ போன்ற படங்களுக்கும், பிறகு அடூரின் படங்களுக்கும் பணம் போட்டார். அது அரிய கொடை, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கொடை ஜானுக்கு வந்து சேரவில்லை. நிலையான புரவலர் ஒருவரும் அவருக்கு வாய்க்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகப் பணத்துக்கு வழி தேடி, புதிதாக ஒரு குழுவைச் சேர்த்து, அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நடுவே நான்கு படம் முடித்த ஆளைத்தான் ‘எதையும் முடிக்காதவர்’ என்கிறோம்.

அடுத்து, படங்களே தரும் சாட்சியம். ஒழுங்கற்ற மனம் எடுத்த படத்தில் ஒழுங்கின்மை எங்காவது எட்டிப் பார்க்க வேண்டுமே? ‘அக்கிரகாரத்தில் கழுதை’ நம் மொழியில் வந்த படம். அதை வைத்துப் பேசும் பொறுப்பு நமக்குக் கூடுதல். திரைக்கதை வெங்கட் சாமிநாதன். ஒளிப்பதிவு ராமச்சந்திர பாபு. தாயை இழந்த ஒரு கழுதைக் குட்டி பேராசிரியர் நாராயணசாமியின் வீட்டு வாசலுக்கு வருகிறது. அவர் அதற்குச் சின்னா என்று பெயரிட்டு வளர்க்கிறார். கல்லூரியில் கேலி தாங்காமல் அதைத் தன் கிராமத்து அக்கிரகாரத்தில் பெற்றோரிடம் விட்டுச் செல்கிறார். வாய் பேசாத உமா என்ற பெண் அதைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்குச் செத்துப் பிறந்த சிசு கோயிலருகே கிடக்க, பழி கழுதைமேல் விழுகிறது. அடித்துக் கொல்கிறார்கள். பிறகு ஊரில் சில நல்லது நடக்கவே, அதெல்லாம் கழுதையின் மகிமை என்று கோயில் கட்டப் புறப்படுகிறார்கள்.

இந்தக் கதையை ஆத்திரக்காரன் ஒருவன் எடுத்திருந்தால் அக்கிரகாரத்து மனிதர்கள் எல்லோரும் கோமாளிகளாகவோ கொடியவர்களாகவோ வந்திருப்பார்கள். ஜான் அப்படிச் செய்யவில்லை. திண்ணையில் உட்கார்ந்து வம்பு பேசுகிறவர்களும், வைதிகக் காரியம் பார்க்கிறவர்களும், குறும்புக்காரப் பிள்ளைகளும் நமக்குத் தெரிந்த சாதாரண மனிதர்களாகவே இருக்கிறார்கள். கொலை அந்தச் சாதாரணத்திலிருந்து வருகிறது. கேமரா அவசரப்படுவதில்லை, வேதகோஷமும் கழுதையின் குரலும் ஒரே தெருவில் கேட்கின்றன, எதற்கும் அடிக்கோடு இல்லை. கடைசியில் ஊர் தீப்பற்றி எரியும்போதுதான், அதுவரை அடக்கி வைத்திருந்த கோபம் எவ்வளவு என்று தெரிகிறது. ஒன்றரை மணி நேரம் கோபத்தைக் கையில் பிடித்து வைத்திருக்கத் தெரிந்தவனை எந்த வகையில் கட்டுப்பாடில்லாதவன் என்பது?

பேராசிரியர் வேடத்துக்கு ஜான் யாரைத் தேர்ந்தெடுத்தார் என்பதும் தற்செயலில்லை. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். ஜானின் முதல் படத்துக்கும் இசை அவர்தான். சென்னையில் சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்தவர், மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கிப் பல குரல்களை ஒன்றாகப் பாடப் பழக்கியவர், பொதுவுடைமை இயக்கத்துக்காரர். கூட்டத்தை அமைப்பாக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துத் தன் படத்தின் நடுவில் நிறுத்தியிருக்கிறார் இந்த ‘ஒழுங்கற்ற’ ஆள்.

அந்தப் படம் தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. அப்புறம் என்ன ஆயிற்று? தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் அது முறையாக ஓடவே இல்லை. 1989இல் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டது. ஜான் குடித்ததாலா கழுதை தியேட்டருக்கு வரவில்லை? அவர் கடன் திருப்பித் தராததாலா தொலைக்காட்சி பின்வாங்கியது? படத்தைப் புதைத்தது நம் பக்கத்துக் கைகள். அந்தக் கைகளைக் கழுவிக்கொள்ளத்தான் குப்பிக் கதை உதவுகிறது. உயிரோடிருக்கும்போது துரத்தி அடிப்பதும், செத்தபின் அற்புதங்கள் சொல்லிக் கோயில் எழுப்புவதும் எப்படி நடக்கும் என்று ஜான் தன் இறப்புக்குப் பத்து வருடம் முன்பே தமிழில் படம் எடுத்துக் காட்டிவிட்டார். டீக்கடையில் நாங்கள் சொன்னவை எல்லாம் அந்தக் கோயிலின் தலபுராணம்.

‘செறியாச்சன்’ இன்னொரு சாட்சி. குட்டநாடு ஜானின் சொந்த மண். கிறிஸ்தவ நிலக்கிழார்களின் உலகம் அவர் வளர்ந்த உலகம். அங்கே விவசாயத் தொழிலாளர்கள்மேல் போலீஸ் நடத்தும் வன்முறையைக் கண்ணால் பார்த்துவிட்ட செறியாச்சன் என்ற நிலக்காரருக்குத் தூக்கம் போகிறது. தானே கொலை செய்ததுபோல் நடுங்குகிறார். போலீஸுக்குப் பயந்து தென்னை மரத்தில் ஏறி, அங்கிருந்து விழுந்து சாகிறார். அந்த வேடத்தில் நடித்தவர் அடூர் பாசி. மலையாளிகள் பல வருடம் பார்த்ததும் சிரிக்கப் பழகியிருந்த முகம் அது. அந்த முகத்தில் சிரிப்பு வரும் இடத்திலெல்லாம் பயத்தை வைத்தார் ஜான். சிரிக்க வாயெடுத்த பார்வையாளன் பாதியில் நிறுத்திக்கொள்கிறான். அந்த வருடம் கேரள அரசின் சிறந்த நடிகர் விருது பாசிக்குப் போனது. ஒரு நகைச்சுவை நடிகரின் வாழ்நாள் பழக்கத்தை உடைத்து வேறொன்றை வாங்குவது படப்பிடிப்புத் தளத்தில் எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்பதை நடிகர்களோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1984இல் கோழிக்கோட்டில் ஜானும் நண்பர்களும் ஒடேசா என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ படத்தில் படிக்கட்டுக் காட்சி நடக்கும் ஊரின் பெயர் அது. திட்டம் எளிமையானது. தயாரிப்பாளர் வேண்டாம், வங்கி வேண்டாம், அரசுக் கடன் வேண்டாம். ஊர் ஊராகப் போய்ச் சாப்ளினின் ‘தி கிட்’ போன்ற படங்களைத் திரையிடுவது. பார்க்க வந்தவர்களிடம், எங்கள் அடுத்த படத்துக்கு உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்று கேட்பது. சேர்ந்த பணத்தில் படம் எடுப்பது. எடுத்த படத்தை மறுபடியும் அதே ஊர்களுக்குக் கொண்டுபோய்க் காட்டுவது.

காகிதத்தில் நான்கு வரி. தரையில் அது எப்படியிருக்கும் என்று என் சிறிய அனுபவத்திலிருந்து சொல்கிறேன். திரையிட ஓர் இடம் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூடம் என்றால் தலைமையாசிரியரைப் பார்க்க வேண்டும், வாசகசாலை என்றால் செயலாளரை. மின் இணைப்பு எடுக்க ஒரு வீட்டுக்காரரைக் கெஞ்ச வேண்டும். மழை வந்தால் புரொஜெக்டரை யார் சட்டைக்குள் வைப்பது என்று யோசிக்க வேண்டும். படம் முடிந்து ஜனம் எழுந்திருக்கும் அந்த அரை நிமிடத்துக்குள் பேசி, கேட்டு, வாங்க வேண்டும். அரை நிமிடம் தாண்டினால் கூட்டம் கலைந்துவிடும். வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு வேண்டும். கணக்கில்லாமல் ஓர் ஊரில் வாங்கினால் அடுத்த ஊரில் கதவு திறக்காது. பேச்சு நமக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். நாற்பது பேரிடம் இதைச் செய்ய எனக்கு வக்கில்லை. ஒடேசா இதை ஊர் ஊராகச் செய்து, 35 எம்.எம். கதைப் படம் ஒன்றை முடித்தது.

“அதெல்லாம் கூட இருந்த பையன்கள் செய்தது, ஜான் என்ன செய்தார்?” என்று கேட்பார்கள். பையன்கள் செய்தார்கள் என்பது உண்மை. அவர்களுக்குரிய பெருமையில் ஒரு துளியும் நான் ஜானுக்கு மாற்றித் தரப்போவதில்லை. ஆனால் இந்த யோசனை ஜானின் வாழ்வில் வானத்திலிருந்து விழுந்ததில்லை. அவருடைய முதல் படம் ‘வித்யார்த்திகளே இதிலே இதிலே’ எதைப் பற்றியது? பந்து விளையாடும்போது பள்ளிக்கூடச் சிலையை உடைத்துவிட்ட பிள்ளைகள், அதற்குரிய பணத்தைத் தாங்களே சேர்க்கப் புறப்படும் கதை. அதற்கும் முன்பு அவர் பார்த்த வேலை எல்.ஐ.சி.யில். ஆயிரம் பேரின் சிறு பிரீமியம் சேர்ந்தால் ஒருவனுடைய பெரிய இடியைத் தாங்கும் என்பதுதான் காப்பீட்டுத் தொழிலின் அரிச்சுவடி. இவை இரண்டையும் ஒடேசாவோடு சேர்த்துப் பார்ப்பது என் வாசிப்பு; ஜான் அப்படிச் சொன்னதாக நான் சொல்லவில்லை. ஆனாலும், சில்லறையின் பலம் என்ன என்று யோசித்துக்கொண்டே இருந்த ஒரு மனத்தின் தடம் எனக்கு இங்கே தெரிகிறது. குடிமயக்கத்தில் தோன்றிய விளையாட்டு என்று தோன்றவில்லை.

இப்போது புதிதாக ஒரு புகழ்ச்சி கிளம்பியிருக்கிறது: “இந்தியாவின் முதல் க்ரௌட் ஃபண்டிங் இயக்குநர்.” இது கேட்க நன்றாக இருக்கிறது; ஆனால் குப்பிக் கதையைப் போலவே இதுவும் விஷயத்தை மறைக்கிறது. பலரிடம் காசு வாங்கிப் படம் எடுப்பது அதற்கு முன்பே நடந்திருக்கிறது. 1976இல் ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ படத்துக்குக் குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். அங்கே ஒரு வலுவான கூட்டுறவு இணையம் முன்பே இருந்தது. பணம் அதன் வழியே வந்தது. ஒடேசாவுக்குப் பின்னால் அப்படி எந்த நிறுவனமும் இல்லை. சினிமாவுக்காகவே அமைப்பை வெறுங்கையில் தொடங்க வேண்டியிருந்தது. இன்றைய இணைய வசூலோ வேறு ரகம். அங்கே பணம் போடுகிறவர் முன்பதிவு செய்த வாடிக்கையாளர். பெயர் டைட்டிலில் வரும், டிவிடி வீட்டுக்கு வரும், படம் ஊருக்கு வராது. ஒடேசாவில் பணம் பாதி விஷயம்தான். மறுபாதி விநியோகம். எடுத்த படம் எங்கே ஓடும் என்ற கேள்விக்கும் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் ஒரே பதிலைக் கண்டுபிடித்தார்கள்: காசு கொடுத்த தெருவிலேயே ஓடும். கழுதைக்குத் தியேட்டர் கிடைக்காத அனுபவத்திலிருந்து வந்த பாடமாகவே இதை நான் படிக்கிறேன். மாற்று சினிமா எடுத்தவர்கள் பலர் தயாரிப்பைத் தாண்டி யோசிக்காத காலத்தில், திரையிடலை முதலில் வைத்து யோசித்தவர் ஜான்.

இனி ‘அம்ம அறியான்’ மேல் வைக்கப்படும் இன்னொரு குற்றச்சாட்டு: அது கரடுமுரடான படம், காசில்லாமல் அரைகுறையாக எடுத்தது, உணர்ச்சி இருக்கிறது நேர்த்தி இல்லை. இதைச் சொல்கிறவர்கள் யார் யார் அதில் வேலை செய்தார்கள் என்று பார்ப்பதில்லை. ஒளிப்பதிவு வேணு, படத்தொகுப்பு பீனா. இருவரும் புனேயில் முறையாகப் படித்தவர்கள். அந்த வருடத்து தேசிய விருதுகளில் வேணுவுக்குச் சிறந்த ஒளிப்பதிவாளர் விருது கிடைத்தது; காரணமான இரண்டு படங்களில் ஒன்று ‘அம்ம அறியான்’. ஜானுக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் தொகுத்த பத்து சிறந்த இந்தியப் படங்களின் பட்டியலில் தென்னிந்தியாவிலிருந்து இடம்பெற்றது இது ஒன்றுதான்.

விருதுகளை விடுங்கள், அவை வாதத்துக்குத் துணை நிற்கும், வாதம் ஆகாது. படத்தின் கட்டுமானத்தைப் பாருங்கள். புருஷன் என்ற இளைஞன் (ஜாய் மாத்யூ) டெல்லிக்குப் புறப்படுகிறான்; போகும் இடத்திலிருந்து கடிதம் எழுதுகிறேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். வயநாட்டில் வழியில் ஒரு பிணம். போலீஸ் அவன் வந்த ஜீப்பை மறித்து அதில் ஏற்றுகிறது. எங்கோ பார்த்த முகம். அவன் டெல்லியை மறந்து அந்த முகத்தின் பெயரைத் தேடிப் போகிறான். ஹரி, தபலா வாசிப்பவன், போலீஸிடம் அடிவாங்கியவன். கொச்சியிலிருக்கும் ஹரியின் அம்மாவுக்குச் செய்தி சொல்ல வேண்டும். தெரிந்தவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்கிறான், அவர் இன்னொருவரை. ஒவ்வொருவனும் கிளம்பும்முன் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வருகிறான்.

இதில் திரும்பத் திரும்ப வரும் அந்த வாசற்படிக் காட்சிகளைக் கவனிக்க வேண்டும். ஒரு வீடு, வெளியே காத்திருக்கும் இளைஞர்கள், உள்ளே ஒரு மகன், ஓர் அம்மா. முதல் முறை பார்க்கும்போது அது தகவல். மூன்றாவது முறை சடங்கு. அதற்கப்புறம் நமக்கே தெரிந்துவிடுகிறது, அடுத்த வீட்டு அம்மாவும் ஒரு நொடி மகன் முகத்தைப் பார்ப்பாள் என்று. அந்த நொடிக்காகக் காத்திருக்கத் தொடங்குகிறோம். சட்டகத்துக்குள் ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஒருவனாகக் கிளம்பிய நடை ஊர்வலமாகிறது. படம் எடுக்கப்பட்ட விதமே படத்தின் வடிவமாகவும் இருக்கிறது: வீடு வீடாகப் போய், ஒவ்வொருவராகச் சேர்த்து. காசில்லாததால் இப்படி வந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் கதவுக்குக் கதவு அதிகரிக்கும் அந்த எண்ணிக்கையைக் கவனிக்கவில்லை. கறுப்பு வெள்ளையில் செய்திப் படமும் கதைப் படமும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வருவதும் அப்படியே. மருத்துவ மாணவர்களின் போராட்டம், வைப்பினில் நச்சுச் சாராயம் குடித்தவர்களின் துயரம், எல்லாம் அந்தப் பயணத்தின் வழியில் வருகின்றன.

வைப்பின் என்றதும் நின்று யோசிக்க வேண்டும். 1982 ஓணத்தின்போது அந்தத் தீவில் கலப்படச் சாராயம் குடித்து 70க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; பலருக்குக் கண் போயிற்று. குடிகாரர் என்று மட்டுமே நாம் நினைவு வைத்திருக்கும் ஒருவர், தன் கடைசிப் படத்தில், குடியால் அழிந்தவர்களை அந்தச் சாராயத்தை விற்றவர்களின் கணக்கில் எழுதிவைத்திருக்கிறார். குடியைக் கவிதையாக்கி ஒரு காட்சி எடுப்பது அவருக்கு எவ்வளவு எளிது! அவர் ரசிகர்கள் செய்ததை அவர் செய்யவில்லை.

எதிர்த் தரப்பில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. குடி உண்மை. அது அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கு, வீட்டாருக்கு, உடன் உழைத்தவர்களுக்குச் செய்த சேதமும் உண்மையாகவே இருந்திருக்கும். அதை ‘கலைஞன் என்றால் அப்படித்தான்’ என்று துடைத்துவிட எனக்கு உரிமையில்லை. அவர் போன பிறகு ஒடேசா இன்னொரு கதைப் படம் எடுக்கவில்லை என்பதும் உண்மை. அந்தக் கூட்டமைப்பில் இருந்த ஒடேசா சத்யன் பல வருடம் பிடிவாதமாக ஆவணப்படங்கள் எடுத்தார். ஆனாலும் முதல் வேகம் திரும்பவில்லை. ஒருவரை நம்பி நின்ற அமைப்பு என்ற விமர்சனத்துக்கு இடம் இருக்கிறது. ‘அம்ம அறியான்’ ஊர்வலத்தில் நடப்பவர்கள் எல்லாம் ஆண்கள்; பெண்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வாசற்படியும் கண்ணீரும். இன்றைய பார்வையாளர் அதைக் கேட்டால் நான் படத்துக்கு வக்காலத்து வாங்கமாட்டேன். இவையெல்லாம் ஜானைப் பற்றி நடக்க வேண்டிய உண்மையான விவாதங்கள். குப்பிக் கதைகள் இந்த விவாதங்களையும் சேர்த்தே தடுத்துவிட்டன. புராண நாயகனிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

குப்பிக் கதை ஏன் இவ்வளவு நாள் தாங்கியது? அது நமக்கு வசதி. ஜான் அபூர்வப் பிறவி, பைத்தியக்காரத்தனத்தால் மட்டுமே அப்படிப் படம் எடுக்க முடிந்தது என்று நம்பிவிட்டால், நாம் எடுக்கத் தேவையில்லை. எடுத்தவருக்குச் சந்தா கொடுக்கவும் தேவையில்லை. அவர் செய்தது சாதாரண மனிதர்கள் சேர்ந்து செய்யக்கூடிய வேலை, ஒரு திரை, ஒரு புரொஜெக்டர், ஒரு ரசீதுப் புத்தகம், அலுக்காத கால்கள் போதும் என்று ஒப்புக்கொண்டால்தான் சிக்கல். அப்புறம் ஒவ்வொரு மாதமும் 50 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கும்.

‘அம்ம அறியான்’ என்ற பெயரைத் தமிழ்க் காது முதலில் தவறாகத்தான் கேட்கும். நமக்கு ‘அறியான்’ என்றால் அறியமாட்டான். மலையாளத்தில் அது ‘அறிவதற்காக’. அம்மாவுக்குத் தெரியட்டும் என்று ஒருவர் எழுதிய கடிதத்தை, தெரியாத ஒருவனைப் பற்றிய வதந்தியாகப் படித்துவிட்டோம்.

எங்கள் சங்கம் அடுத்த மழைக்காலத்தோடு நின்றுபோனது. யாரும் மூடவில்லை, வாடகை கொடுக்க ஆளில்லை. ரசீதுப் புத்தகம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நூறு தாளில் எழுபத்து மூன்று கிழிக்காமல் இருக்கின்றன. யாராவது ஜான் கதை சொல்ல ஆரம்பித்தால் இப்போதெல்லாம் நான் மறுத்துப் பேசுவதில்லை. இழுப்பறையைத் திறந்து, “அண்ணே, பேரு என்னன்னு எழுதிக்கட்டுமுங்களா?” என்று கேட்கிறேன்.